ஹெலிகாப்டரைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: வில்லாபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வயது 36. ரிமோட் ஹெலிகாப்டர் மேல் சின்ன வயதில் இருந்தே ஆசை. போன சித்திரைப் பொருட்காட்சியில் 11 வயது மகனுக்கு 1,200 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் படுத்துவிட்டது. இப்போது சீட்டு எடுத்த பணம் 25,000 ரூபாய் கையில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஆயில் ஊற்றி ஓட்டுகிற '30 சைஸ்' ஹெலிகாப்டரை ரிமோட்டோடு 15,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீட்டு மொட்டை மாடியிலேயே ஓட்டிப் பழகலாமா? சொல்லித்தர ஆள் இல்லாமல் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா அண்ணே?

பதில்:

வணக்கம் தம்பி. அட்வான்ஸ் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்பதால் முதல் கேள்விக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 30 சைஸ் வேண்டாம்.

விற்கிறவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. 30 என்பது 0.30 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 5 சிசி எஞ்சின். என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் அந்த அளவில்தான் பழகினோம். வண்டி நன்றாகவே இருக்கலாம். வில்லங்கம் அது குடிக்கிற எண்ணெயில் இருக்கிறது. நீங்கள் ஆயில் என்று எழுதியிருப்பது பெட்ரோலும் இல்லை, டூ-டி ஆயிலும் இல்லை. பெரும்பங்கு மெத்தனால், அதோடு கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் மசகு எண்ணெயும் கலந்தது. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிரைக் குடித்தது இதே சரக்குதான். கடைக்குள் ஒரு கேன் மெத்தனாலை வைத்துக்கொண்டு 'பொம்மை ஹெலிகாப்டருக்கு சார்' என்று விளக்கம் சொல்லும் நிலைமை உங்களுக்கு எதற்கு?

அந்த ரிமோட்டையும் ஒருமுறை பாருங்கள். தூண்டில் மாதிரி இழுத்து நீட்டுகிற ஏரியல் இருந்தால் அது கிரிஸ்டல் போட்ட பழைய ரகம். பக்கத்தில் இன்னொருவர் அதே சேனலில் ரிமோட்டை ஆன் செய்தால் உங்கள் ஹெலிக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. இப்போது எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ். ரிமோட்டும் ரிசீவரும் ஒருமுறை ஜோடி சேர்ந்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது. ஆக 15,000 ரூபாயில் உங்களுக்கு உருப்படியாகத் தேறுவது ஹெலியின் எலும்புக்கூடு மட்டும்தான்.

சரி, பிறகு எதை வாங்குவது? இங்கேதான் எல்லோரும் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் ஹெலியை வாங்கி, மிச்சக் காசில் கிடைத்த ரிமோட், கிடைத்த சார்ஜர் என்று சேர்ப்பார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே கீழே விழும். உடைந்த பிளேடு, வளைந்த மெயின் ஷாஃப்ட், பல் போன கியர் எல்லாம் பார்சலில் வர வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாகி, ஹெலி பரணுக்குப் போய்விடும். என்னிடம் ரிப்பேருக்கு வருகிறவற்றில் பாதி இப்படி ஒரே ஒரு தடவை பறந்தவைதான். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ரிமோட், அடுத்து கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர், அப்புறம் சார்ஜர், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹெலி.

வரிசைக்குக் காரணம் புரிய வேண்டுமானால் ஹெலி எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். உங்களுக்கு இது சுலபம். காயில் கட்டி முடித்த மோட்டாரை போல்ட் போட்டு இறுக்காமல் தரையில் வைத்து சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? ஷாஃப்ட் ஒரு பக்கம் கிளம்பும்போது பாடி எதிர்ப்பக்கம் துள்ளும். ஹெலிகாப்டரின் தலைவலியே அந்தத் துள்ளல்தான். மேலே இருக்கும் பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றச் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். பிடித்து நிறுத்தத்தான் வாலில் சின்ன விசிறி. அதை விநாடிக்கு எத்தனையோ முறை திருத்திக்கொண்டே இருப்பது கைரோ என்கிற சின்னப் பெட்டி.

பொருட்காட்சியில் நீங்கள் வாங்கியது அநேகமாக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறி உள்ளதாக இருக்கும். இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் துள்ளல் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். ஹெலி தானாகவே நிற்கும். குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் மூன்று சக்கர சைக்கிளை எத்தனை வருஷம் ஓட்டினாலும் பேலன்ஸ் வராது இல்லையா, அதே மாதிரி இதை ஓட்டி ஓட்டி நிஜ ஹெலி ஓட்ட வராது.

அடுத்தது ஒற்றை விசிறி, பிளேடின் சாய்வு மாறாதது. ஃபிக்ஸட் பிட்ச் என்பார்கள், நான்கு சேனல், அதாவது ரிமோட்டில் இருந்து தனித்தனியாக நான்கு கட்டளை போகும். விசிறி வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். வி911 என்ற உள்ளங்கை அளவு ஹெலி இந்த ரகம். கூரைக்குக் கீழே அருமையாக ஓடும். வெளியே ஒரு காற்று வந்து தூக்கினால் கீழே அழுத்திக் கொண்டுவர அதனிடம் வழி கிடையாது. நீங்கள் வேகத்தைக் குறைக்கக் குறைக்க அது பஞ்சு மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவதுதான் நிஜம், கலெக்டிவ் பிட்ச். இதில் விசிறி கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும், பிளேடின் சாய்வு மாறும். நடு ஷாஃப்டில் ஸ்வாஷ் பிளேட் என்று ஒரு தட்டு. அதைச் சுற்றி 120 டிகிரி இடைவெளியில் மூன்று சர்வோ, அதாவது சொன்ன அளவுக்குக் கையை அசைக்கிற குட்டி மோட்டார். மூன்றும் சேர்ந்து தூக்கினால் தட்டு மட்டமாக மேலே போகும், ஹெலி ஏறும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் தட்டு சாயும், தட்டு சாய்ந்த பக்கமே ஹெலியும் சாய்ந்து போகும். சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பினால் ஹெலியைத் தரையை நோக்கி அழுத்தலாம், தலைகீழாகக்கூடப் பறக்கவிடலாம். முன்பெல்லாம் விசிறிக்குக் குறுக்கே துடுப்பு வைத்த ஒரு கம்பி இருக்கும், ஃப்ளைபார். 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் மாடல் ஹெலியை ஒழுங்காக நிற்க வைத்ததில் அந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு. இன்றைக்கு அந்த வேலையை மூன்று அச்சு கைரோ பார்க்கிறது, கம்பி போய்விட்டது. புதிதாக வாங்குகிறவர் கம்பி இல்லாததையே வாங்கலாம். விழும்போது உடைய ஒரு சாமான் குறைவு.

இப்போது ரிமோட். விலை குறைந்த ரெடி டு ஃப்ளை செட்டில் வரும் பொம்மை ரிமோட் வேண்டாம். அதன் குச்சிகள் நகர்கிற தூரமே ஒரு சென்டிமீட்டர்தான், அதில் விரல் பழகாது. ஹெலி மாறினாலும் ரிமோட் மாறக்கூடாது. அதனால் பல கம்பெனி பாஷையும் பேசுகிற மல்டி புரோட்டோகால் ரிமோட்டாகப் பாருங்கள். ரேடியோமாஸ்டர் மாதிரி கம்பெனிகளில் ஒரே மாடல் இரண்டு விதமாக வரும். ஒன்று '4 இன் 1', இன்னொன்று 'ஈஎல்ஆர்எஸ்'. அட்டைப்பெட்டி ஒரே மாதிரி இருக்கும். சின்ன ரெடிமேட் ஹெலிகளோடு ஜோடி சேர உங்களுக்கு வேண்டியது 4 இன் 1. ட்ரோன் ரேஸ் விடும் பையன்கள் மற்றதைத்தான் நல்லது என்பார்கள். அவர்கள் வேலைக்கு அது சரி. யுஎஸ்பி வயர் போட்டால் கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக்காக வேலை செய்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட் 2 வாங்குங்கள். இடது குச்சியில் ஏற்றம் இறக்கமும் வால் திருப்பலும், வலது குச்சியில் முன்பின்னும் பக்கவாட்டும். நம் நாட்டில் பெரும்பாலும் இதுதான், நாளைக்கு யாராவது உங்கள் ரிமோட்டை வாங்கிக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டுமானால் அவர் கைக்கும் அது பழகியதாக இருக்கும்.

சிமுலேட்டர் என்றால் மொபைலில் இறக்குகிற கேம் இல்லை. கண்ணாடியைத் தேய்த்து ஹெலி ஓட்டக் கற்றவரை நான் பார்த்ததில்லை. ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ் என்று கம்ப்யூட்டருக்கான மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் நிஜ ரிமோட்டையே அதில் மாட்டி ஓட்ட வேண்டும். தினமும் அரை மணி நேரம், ஒரு மாதம். அதில் நீங்கள் 200 ஹெலியை உடைப்பீர்கள். ஒன்றுக்கும் காசு கிடையாது.

என்ன பழகுவது? இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். முதலில் ஹெலியின் வால் உங்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். நீங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி. உங்கள் வலது அதற்கும் வலது. இரண்டு மூன்று நாளில் நிற்க வைத்துவிடுவீர்கள். 'வந்துடுச்சு' என்று தோன்றும். வரவில்லை. சலூன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காதோர முடியை நீங்களே வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கத்தரி போக வேண்டிய பக்கம் ஒன்று, கை போகிற பக்கம் ஒன்று. ஹெலியின் மூக்கு உங்கள் பக்கம் திரும்பினதும் அதுதான் நடக்கும். அது உங்களுக்கு இடப்பக்கம் சரிகிறது, பதறி வலப்பக்கம் குச்சியைத் தள்ளுகிறீர்கள், அது இன்னும் வேகமாக இடப்பக்கம் ஓடும். யோசித்துத் திருத்த நேரம் இருக்காது. ஒரு உபாயம் உண்டு: எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், விழுகிற சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல. மூக்கு எதிரே இருக்கும்போது மட்டும் இது. வால், அப்புறம் இடது பக்கவாட்டு, வலது பக்கவாட்டு, கடைசியில் மூக்கு என்று போங்கள். உங்கள் பையன் உங்களுக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், வருத்தப்படாதீர்கள். என்னிடம் வந்த எல்லா அப்பாக்களுக்கும் அதே கதிதான்.

சிமுலேட்டரில் மூக்கு எதிரே ஒரு நிமிடம் நின்ற பிறகு ஹெலி வாங்கலாம். முதல் ஹெலி 250 கிராமுக்கு வெகுவாகக் குறைந்த, கலெக்டிவ் பிட்ச் உள்ள குட்டி ரகமாக இருக்கட்டும். எக்ஸ்கே கே110 என்பது பல வருஷமாக ஓடுகிற ஒரு உதாரணம். ஆறு சேனல், பெரிய விசிறிக்கு பிரஷ்லெஸ் மோட்டார், தானே சமநிலைக்கு வரும் ஒரு மோடும் உண்டு. அதே அளவில் இன்னும் நல்லதும் விலை கூடியதும் இருக்கிறது. மாடல் பெயரைவிட நான் பார்ப்பது வேறு. வாங்கும் கடையிலேயே அதற்கு மெயின் பிளேடு, இரண்டு பிளேடையும் நடுவில் தாங்குகிற ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் கியர், வால் மோட்டார் நான்கும் தனித்தனியாகக் கிடைக்கிறதா? ஹெலியோடு சேர்த்து அந்த நான்கையும் வாங்கிவிடுங்கள். இல்லை என்றால் அந்த ஹெலி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து நேராக வரவழைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. நாலு விசிறி இல்லை, இது ஹெலிகாப்டர் என்று கஸ்டம்ஸில் நின்று வாதாடுவதைவிட இங்கேயே பில்லோடு விற்கிற கடையில் 1,000 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவது மேல்.

குட்டிக்கு அடுத்த பெரிய ரகமான 450 அளவு எப்போது என்று அடுத்துக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். அதில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மோட்டார்க்காரர் என்பதால் ரசிப்பீர்கள். பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று வயர் வரும். த்ரீ ஃபேஸ் மாதிரி இரண்டை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். கேவி என்று போட்டிருப்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 450 ஹெலியில் 3,500 கேவி மோட்டார், 11.1 வோல்ட் பேட்டரி என்றால் சுமை இல்லாமல் நிமிஷத்துக்கு 38,850 சுற்று. மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் சின்ன கியரான பினியன் 11 பல், மெயின் கியர் 150 பல். வகுத்தால் விசிறிக்கு ஏறக்குறைய 2,850. சுமை ஏறினால் 2,500 என்று வையுங்கள். பிளேடு ஒவ்வொன்றும் 325 மி.மீ., நடுத்தலையும் சேர்த்து விசிறியின் விட்டம் 710 மி.மீ. பக்கம். அப்படியானால் பிளேடு நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்தில் போகிறது. கார்பன் ஃபைபர் பிளேடு. ஒரு தவறில் விரல் போகும், கண் போகும். சிமுலேட்டரிலும் குட்டி ஹெலியிலுமாக ஆறு மாதம் போன பிறகு 450 பக்கம் வாருங்கள். அப்போதும் மகனை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும்.

நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். 2008, என் முதல் 450. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய், பின்னால் யானைமலை, விடிந்தும் விடியாத நேரம், என்னோடு இரண்டு பேர். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து கோத்த ஹெலி. விசிறி சுற்ற ஆரம்பித்தது, சத்தம் சன்னமாகி ஏறியது, ஸ்கிட் என்கிற அடிக்கால் தரையை விட்டு நான்கு விரல் எழும்பியது. அடுத்த கணம் பம்பரம். மூன்று சுற்றுகூட முழுதாக இல்லை, ஒரு பிளேடு மண்ணில் குத்தி, வால் குழாய் ஒடிந்து, பேட்டரி தனியாகப் பத்தடி தள்ளிக் கிடந்தது. காரணம் ஒரே ஒரு சின்ன சுவிட்ச். கைரோவின் திசையை ரிவர்ஸில் வைத்திருந்தேன். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே அது இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

அதனால் பறக்கும் முன் எப்போதும் இதைச் செய்யுங்கள். மெயின் மோட்டாரின் வயரைக் கழற்றிவிட்டு ரிமோட்டையும் ஹெலியையும் ஆன் செய்யுங்கள். மூக்கைக் கையால் சட்டென்று வலப்பக்கம் திருப்புங்கள். அப்போது வால் பிளேடுகள், ரிமோட்டில் நீங்கள் இடப்பக்கம் குச்சியைத் தள்ளினால் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் சாய வேண்டும். மாறிச் சாய்ந்தால் பறக்காதீர்கள். ஹெலியை இப்படியும் அப்படியும் சாய்த்து ஸ்வாஷ் பிளேட்டையும் பாருங்கள்; ஹெலி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மட்டமாக நிற்கப் பார்க்க வேண்டும். பிளேடு போல்ட்டை முறுக்கி இறுக்க வேண்டாம். ஹெலியைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தொங்காமல் நிற்கணும், ஒரு உலுக்கு உலுக்கினால் மடங்கணும். அந்த இறுக்கம் போதும். இரும்பும் இரும்பும் சேருகிற ஸ்குரூவுக்கு கழன்றுவிடாமல் பிடிக்கிற நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி. பிளாஸ்டிக்கில் போகிற ஸ்குரூவுக்குப் போட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். 1.5, 2, 2.5 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர் நல்லதாக வாங்குங்கள். எல் வடிவ மலிவு ஆலன் கீ ஸ்குரூவின் தலையைத் தின்றுவிடும்.

த்ரோட்டில் ஹோல்டு என்று ரிமோட்டில் ஒரு சுவிட்சை அமைப்பீர்கள். அதைத் தட்டினால் மோட்டார் நிற்கும். ஹெலி விழப் போகிறது என்று தெரிந்த உடனே விரல் தானாக அங்கே போக வேண்டும். தரையில் கிடக்கும் ஹெலியின் விசிறி இன்னும் முட்டிக்கொண்டு சுற்றுவதால்தான் மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் புகைகின்றன, விழுந்ததால் இல்லை. சிமுலேட்டரிலும் ஒவ்வொரு முறை விழும்போதும் அந்த சுவிட்சைத் தட்டிப் பழகுங்கள்.

பேட்டரி. ஹெலிக்குப் போடுவது லிப்போ என்கிற லித்தியம் பாலிமர். அதில் ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், பெயரளவு 3.7. ஓட்டும்போது 3.5க்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் 3.8க்குக் கொண்டுவந்து வையுங்கள், முழு சார்ஜில் வைத்தால் உப்பிவிடும். 2,200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் சார்ஜ் போதும், ஒரு மணி நேரம் ஆகும். செல்லைத் தனித்தனியாகச் சமன் செய்கிற பேலன்ஸ் சார்ஜராக இருக்க வேண்டும். உங்கள் பெஞ்ச் பவர் சப்ளையில் இரண்டு குரோக்கடைல் கிளிப்பைப் போட்டு ஏற்றலாமே என்று கை துறுதுறுக்கும், தெரியும். வேண்டாம். நாலு செங்கல், நடுவில் மணல், அதன் மேல் பேட்டரி, பக்கத்தில் நீங்கள். சார்ஜ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. இதில் மகன் கை படவே கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் பேட்டரியை வைத்துவிட்டு ஹோட்டலில் சாப்பிட்டு வந்த ஒரு மாணவரின் பேட்டரி தலையணை மாதிரி ஆகியிருந்தது. நல்ல நேரம், அதோடு போயிற்று.

மொட்டை மாடி விஷயம். உங்கள் வில்லாபுரம் மதுரை விமான நிலையத்துக்கு வெகு பக்கம். 2021 ட்ரோன் விதிகளின்படி, இயங்குகிற விமான நிலையத்தின் சுற்றுச்சுவரில் இருந்து 8 கி.மீ.க்குள் பச்சை மண்டலமே, அதாவது அனுமதி கேட்காமல் பறக்கவிடும் பகுதியே கிடையாது, அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 8ல் இருந்து 12 கி.மீ. வரை 200 அடி உயரம், அதற்கு அப்பால் பொதுவாக 400 அடி. 250 கிராம் வரை உள்ளதற்கு பைலட் லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் மண்டலக் கட்டுப்பாடு குட்டிக்கும் உண்டு. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வரைபடம் இருக்கிறது. கிளம்பும் முன் அன்றன்றைக்குப் பாருங்கள், தற்காலிகத் தடையும் வரும். பதிவு விஷயத்தையும் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை விட்டாலும் மாடி சரியான இடம் இல்லை. கைப்பிடிச் சுவரில் மோதித் திரும்புகிற காற்று, தண்ணீர்த் தொட்டி, கேபிள் வயர், பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்ட மிளகாய் வத்தல்.

வெளியே என்றால் ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோடு, அல்லது அழகர்கோவில் பக்கம் போங்கள். அறுவடை முடிந்த வயல், வறண்ட கண்மாய். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். சீமைக்கருவேல முள் இருக்கிற பக்கம் ஹெலி போனால் எடுக்கப் போகிற உங்கள் கால்தான் பாவம். ஆட்டுக்கூட்டத்தையும் மயிலையும் தள்ளியே வையுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்து கூட்டம். சத்தம் கேட்ட ஐந்தாவது நிமிஷத்தில் பத்துச் சிறுவர்கள் ஹெலியைச் சுற்றி நிற்பார்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள், அவருக்கு வேறு வேலை வேண்டாம், கூட்டத்தைப் பின்னால் நிறுத்துவது மட்டும். தை, மாசி மாதக் காலை 6ல் இருந்து எட்டரை வரை காற்றே இருக்காது, கற்க அதுதான் நேரம். வெயில் காலத்தில் 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. ஹெலி கொஞ்சம் சோம்பலாகத் தூக்கும், மோட்டார் சுடும்.

ஆடிக்காற்றில் வெளியே கொண்டுபோகவே வேண்டாம். அதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். தெரிந்த மேனேஜர் இருந்தால் கரண்ட் காசு கொடுத்து ஒரு காலை நேரம் ஹாலைக் கேட்டுப் பாருங்கள். ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு, குட்டி ஹெலியைக் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திப் பழக இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. தரையை ஒட்டி ஒரு ஜாண் உயரத்தில் நிறுத்தினால் பத்திரம் என்று தோன்றும். அங்கேதான் விசிறி தள்ளிய காற்று தரையில் மோதித் திரும்பி ஹெலியை அலைக்கழிக்கும். அதே மண்டபத்தை மார்கழியிலும் கேட்கலாம்.

ஆள் இல்லாமல் கற்க முடியுமா என்றால், ஓட்டுவதை முடியும். சிமுலேட்டர்தான் வாத்தியார். ஆனால் முதல் 450ஐ செட்டப் செய்யும் நாள் மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. காலேஜில் ஏரோமாடலிங் குழு வைத்திருக்கும் பையன்களைக் கேளுங்கள், என்சிசி விமானப் பிரிவில் இருந்தவர்களைக் கேளுங்கள். நானும் அந்த வழியாக, கயிறு கட்டிச் சுற்றுகிற விமானத்தில் தொடங்கினவன்தான். ஒரு காயில் ஓசியில் கட்டிக் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காதா என்ன.

பணத்தை இப்படிப் பிரிப்பேன். ரிமோட்டுக்கும் சிமுலேட்டருக்குமாகப் பாதிக்குக் கொஞ்சம் குறைய. சார்ஜர், பேட்டரி, டூல்ஸுக்கு 4,000 பக்கம். குட்டி ஹெலிக்கு 8,000 முதல் 9,000. மிச்சத்தை வீட்டில் சொல்லாமல் தனியாக வையுங்கள், உடைசலுக்கு. இந்த மாதம் ரிமோட்டும் சிமுலேட்டரும் மட்டும் வாங்குங்கள். மூக்கு உங்களைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுதாக நின்ற அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். முதலில் நிறுத்தியது நீங்களா, மகனா என்பதையும் எழுதுங்கள்.